எவருடைய மரணத்துக்காகவும் அல்ல

என் உம்மாவுக்கு அலாரம் வைத்த மணிக்கூடு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. மாரியோ கோடையோ, இரவு மூன்று மணிக்குத் தானாகவே விழிப்பு வந்துவிடும். கிணற்றடிக்குப் போய் வுழூச் செய்து, தஹஜ்ஜத் தொழுது, ஸுபஹுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருப்பார். பகலெல்லாம் தறியில் இருந்து உழைத்த உடம்பு அது. எங்கள் மருதமுனையில் அந்த நாட்களில் தறிச் சத்தம் கேட்காத வளவு அரிது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை விடியப்புறமும் அப்படித்தான் எழுந்தார். மழை விட்டு இரண்டு நாள். நல்ல கூதல். நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அமாவாசை கழிந்த மூன்றாம் இரவு என்பதால் நிலவு நேரத்தோடு மறைந்துவிட, வானம் மை போலக் கறுத்துக் கிடந்தது.

கிணற்றடிக்குப் போன உம்மா வுழூச் செய்யாமலேயே திரும்பி வந்து, தன் பக்கத்தில் படுத்திருந்த என் மகளைத் தட்டி எழுப்பினார்.

"கிளி, எழும்புங்க. வெளிய வந்து வானத்தப் பாருங்க."

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. உம்மம்மா கூப்பிட்டால் எந்த நேரமும் எழுந்துவிடுவாள். சத்தம் கேட்டு நானும் பின்னால் போனேன். முற்றத்தில் மூவரும் நின்று அண்ணாந்து பார்த்தோம். ஒரு நட்சத்திரம் வழுகிக் கடல் பக்கம் போயிற்று. அது மறையுமுன் தென்னை மரத்துக்கு மேலால் இன்னொன்று. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று. சில மெல்லியவை. சில, மத்தாப்பூக் கொளுத்தியது போல மஞ்சளாக ஒளிர்ந்தன.

உம்மா பன்பாயைக் கொண்டு வந்து முற்றத்தில் விரித்தார். பேத்தியைப் போர்வைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றும் விழும்போது "ஸுப்ஹானல்லாஹ்" என்றார். மகள் உம்மம்மாவின் தஸ்பீஹை வாங்கி, ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு மணியாகத் தள்ளினாள். விரல் நீட்டி, "அந்தா! இந்தா!" என்று காட்டினாள். முப்பத்துமூன்று மணியும் முடிந்து, மறுபடி தொடங்கிப் பதினான்கு வரை போனது. மொத்தம் நாற்பத்தேழு. பிறகு உம்மா, "தொழ வேணும் மகள்" என்று எழுந்து போனார். எங்களுக்கு இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. என்ன நடக்கிறது என்றும் தெரியாது. அழகாக இருந்தது, பார்த்தோம், அவ்வளவுதான்.

காலையில் மகள் அயல் வீடுகளுக்கெல்லாம் ஓடிப்போய்க் கதை சொன்னாள். பக்கத்து வளவு மாமி முகம் சுளித்தார். "விழுற நட்சத்திரத்த விரல் நீட்டிக் காட்டப்படாது புள்ள. எண்ணவும் படாது. எண்ணின வீட்டில மையித்து விழும்" என்றார். உம்மா சிரித்துவிட்டு, "பேசாம இரிங்ககா, புள்ளயப் பயங்காட்டாம" என்றார். நானும் அதை அத்துடன் மறந்துவிட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. போயா தினம். முதல் நாள் பின்னேரமே நானும் பிள்ளைகளும் சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தோம். உம்மா வரவில்லை. "தறியில பாதிச் சாரன் கிடக்கு. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

கடல் வந்தது. அதைப் பற்றி இந்தப் பக்கங்களை வாசிக்கும் கரையோரச் சகோதரிகளுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன காலை அது. எங்கள் கல்முனைக் கரை எவ்வளவு கொடுத்தது என்பதை எங்கள் மையவாடிகள் சொல்லும். உம்மாவின் ஜனாஸா மூன்றாம் நாள் கிடைத்தது. வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியது. தறியும் இல்லை, சாரனும் இல்லை, தஸ்பீஹும் இல்லை.

மாதக்கணக்காக ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்தோம். பகல் எப்படியோ போய்விடும். இரவில் பெண்கள் வட்டமாக இருந்து கதைப்போம். ஒவ்வொருத்தியும் தனக்குத் தெரிந்த ஓர் அறிகுறியைச் சொல்வாள். ஒருத்தி நாய் ஊளையிட்டதைச் சொன்னாள். இன்னொருத்தி கண்ட கனவைச் சொன்னாள். என் முறை வந்தபோது நானும் சொன்னேன். "ரெண்டு கிழமைக்கு முந்தி வானத்தால நட்சத்திரமாக் கொட்டிச்சு. நாங்க கண்ணால கண்ட. அது எங்களுக்கு வந்த அறிவிப்புத்தான். விளங்காம இருந்திட்டம்" என்றேன். சொன்னபோது என் மனதுக்கு ஓர் ஆறுதல். நடந்தது முன்பே எழுதிவைத்த ஒன்று, அதற்கு அடையாளமும் காட்டப்பட்டது என்று நினைத்தால் பாரம் கொஞ்சம் குறைகிறது அல்லவா?

மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் கிடந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு அவள் இரவில் வெளியே போக மாட்டாள். கடலுக்குப் பயப்படுகிறாள் என்று எல்லாரும் சொன்னோம். புதுவீடு கிடைத்து வந்த பிறகும் இருட்டினால் யன்னலைச் சாத்திவிடுவாள். நான் ஒரு தஸ்பீஹ் மணி வாங்கிக் கொடுத்தேன். தொடவில்லை. தொழுதுவிட்டு விரலில்தான் எண்ணுவாள். விரலில் எண்ணுவது ஸுன்னத்தான முறைதானே, மத்ரஸாவில் படித்துக் கொடுத்திருப்பார்கள் என்று நான் மகிழ்ந்தேன். ஒரு தாய் தன் பிள்ளையை எவ்வளவு பிழையாக விளங்கிக்கொள்ள முடியும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

2012ஆம் ஆண்டு டிசம்பர் 13, வியாழக்கிழமை. மகளுக்குப் பதினேழு வயது. விஞ்ஞானம் படிப்பிக்கும் என் தம்பி அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தான். "ராத்தா, இண்டைக்கு ராவைக்கு எரிநட்சத்திர மழை. நிலாவும் இல்லை. 2004ல நீங்களும் உம்மாவும் பார்த்தது இதுதான். ஒவ்வொரு வருஷமும் இதே திகதிக்கு வரும்" என்றான்.

அடுப்படியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்ற மகளின் கையிலிருந்து கோப்பை விழுந்தது. அவள் அறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டிக்கொண்டாள். நெடுநேரம் கெஞ்சிய பிறகு திறந்தாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் சொன்னதை இப்போது எழுதும்போதும் என் கை நடுங்குகிறது.

"நான்தான் உம்மா எண்ணின. மாமி எண்ணப்படாது எண்டாங்க. நான் உம்மம்மாட தஸ்பீஹால நாப்பத்தேழு எண்ணின. விரல் நீட்டிக் காட்டின. நீங்களும் முகாமில அதுதான் அறிவிப்பு எண்டு சொன்னீங்க. உம்மம்மா மௌத்தானது என்னால."

எட்டு வருடம். ஒன்பது வயதுப் பிள்ளை எட்டு வருடமாக இந்தச் சுமையைத் தனியே சுமந்திருக்கிறாள். அதை அவள் தலையில் ஏற்றியதில் பக்கத்து வளவு மாமிக்கு ஒரு பங்கு என்றால், எனக்கு ஒன்பது பங்கு.

அன்றிரவு தம்பி வீட்டுக்குப் போகவில்லை. எங்களை இருத்தி வைத்து, வகுப்பில் சொல்வது போலச் சொன்னான். நான் விளங்கிக்கொண்ட அளவில் அதைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

விழுபவை நட்சத்திரங்களே அல்ல. நட்சத்திரம் ஒவ்வொன்றும் நமது சூரியனைப் போன்ற ஒரு பெரும் நெருப்புக் கோளம். அவை எண்ணிலடங்காத தொலைவில் தம் இடத்திலேயே இருக்கின்றன. நாம் காண்பது மணல் பருமனுக்கும் பயற்றம் பருமனுக்கும் இடைப்பட்ட சிறு தூசி. அது வினாடிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் பூமியின் காற்றுக்குள் நுழைகிறது. கல்முனையிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போக ஏறக்குறைய ஒரு பகல் வேண்டும். இந்தத் தூசி நேர்கோட்டில் போனால் ஏழு வினாடியில் போய்விடும். அந்த வேகத்தில் காற்றோடு மோதும்போது தூசியும் சுற்றியுள்ள காற்றும் சூடேறி ஒளிர்கின்றன. அதுவும் நம் தலைக்கு மேல் ஏறக்குறைய 100 கிலோமீற்றர் உயரத்தில். இவை நிலத்தை எட்டுமுன்பே எரிந்து முடிந்துவிடும். யார் தலையிலும் விழாது.

தூசி எங்கிருந்து வருகிறது? 'பேத்தன்' என்று ஒரு கல் சூரியனைச் சுற்றி வருகிறது. குறுக்களவு ஐந்தாறு கிலோமீற்றர்தான். 1983ஆம் ஆண்டு ஒரு செய்மதி எடுத்த படங்களில் அதைக் கண்டுபிடித்தார்கள். அது ஒரு சுற்றை முடிக்க ஒன்றரை வருடத்துக்குச் சற்றுக் குறைவாகவே எடுக்கிறது. அந்தச் சுற்றில் ஒரு தடவை, புதன் கோள் போகும் பாதைக்கும் உள்ளே புகுந்து, சூரியனுக்கு மிக அருகால் போய்த் திரும்புகிறது. இப்படிப் போய் வரும் பாதை நெடுகிலும் அதிலிருந்து பிரிந்த தூசி பரவிக் கிடக்கிறது. மற்ற எரிநட்சத்திர மழைகள் பெரும்பாலும் வால்வெள்ளிகள் விட்டுச்சென்ற தூசியால் வருபவை. இது ஒரு கல்லினால் வருவது என்பதே ஒரு புதுமை.

தம்பி ஓர் உதாரணம் சொன்னான். மணல் லொறி ஒன்று ஒரே வீதியால் போய் வருகிறது என்று வையுங்கள். வீதி முழுக்க மணல் சிந்திக் கிடக்கும். நீங்கள் சைக்கிளில் அந்த வீதியைக் குறுக்கறுத்துப் போகும் இடம் ஒன்று இருந்தால், போகும்போதெல்லாம் அந்த இடத்தில் சில்லுக்குள் மணல் நெரியும். லொறி அந்த நேரம் அங்கே இருக்க வேண்டியதில்லை. பூமி சூரியனைச் சுற்றும் தன் பாதையில், ஒவ்வொரு டிசம்பர் நடுப்பகுதியிலும் பேத்தனின் வீதியைக் குறுக்கறுக்கிறது. டிசம்பர் 4 அளவில் தூசி தென்படத் தொடங்கி, 13ஆம் திகதி இரவும் 14ஆம் திகதி அதிகாலையும் மிகுந்து, பிறகு ஓரிரு நாளில் வெகுவாகக் குறைந்துவிடும்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். "நோன்பும் பெருநாளும் வருஷா வருஷம் பதினொரு நாள் முந்தி வருதே, இது மட்டும் ஏன் அசையாம நிக்குது?" தம்பிக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. நமது மாதங்கள் பிறையைக் கொண்டவை. பன்னிரண்டு பிறை மாதம் சூரிய வருடத்தைவிடப் பதினொரு நாள் குறைவு. ஆகையால் அவை முந்திக்கொண்டே வருகின்றன. ஆனால் இந்தத் தூசிப்பாதை சூரியனைச் சுற்றியுள்ள வெளியில் ஓரிடத்தில் கிடக்கிறது. பூமி அந்த இடத்துக்கு வருவது சூரியக் கணக்கில், வருடத்துக்கு ஒருமுறை. பிறை எப்படி இருந்தாலும் மழை வரும். பிறை தீர்மானிப்பது ஒன்றைத்தான்: நம் கண்ணுக்கு அது எவ்வளவு தெரியும் என்பதை.

"இது எப்ப இருந்து பெய்யுது மாமா?" என்று மகள் கேட்டாள். அழுது வீங்கிய கண்ணோடு அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"1860களில இருந்து வானவியல்காரர் வருஷா வருஷம் எழுதி வைச்சிருக்காங்க மகள். நீங்க பிறக்க முந்தியும் பெய்தது. உம்மம்மா பிறக்க முந்தியும் பெய்தது. 2003லயும் பெய்தது, 2005லயும் பெய்தது. நீங்க எண்ணின வருஷமும் எண்ணாத வருஷமும் ஒண்டுதான்."

கடல் வந்ததற்கும் அவன் காரணம் சொன்னான். அன்று காலை ஏழு மணியளவில் வட சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால், கடலடியில் நிலத்தட்டு ஒன்று மற்றொன்றின் கீழ் நெடுங்காலமாக நெருக்குண்டு இருந்தது விடுபட்டு, 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. கடலின் தரை மேலே உயர்ந்து தண்ணீரைத் தள்ளியது. இரண்டு மணித்தியாலத்துக்குள் அந்தத் தண்ணீர் எங்கள் கரைக்கு வந்தது. நூறு கிலோமீற்றர் உயரத்தில் எரிந்துபோன மணல் துகளுக்கும் கடலடியில் நகர்ந்த நிலத்துக்கும் எந்தத் தொடுப்பும் இல்லை.

ஆனால் சகோதரிகளே, மனம் என்பது விஞ்ஞானத்தால் மட்டும் ஆறிவிடுவதில்லை. "மார்க்கத்தில் இதற்கு ஏதும் இருக்குமா?" என்று நான் அடுத்த கிழமை எங்கள் பெண்கள் வகுப்புக்கு வரும் மௌலவியிடம் திரைக்கு அப்பால் இருந்து கேட்டேன். அவர் சொன்ன இரண்டு செய்திகள் என்னை வெட்கப்பட வைத்தன.

ஒன்று, நம்மில் பலர் அறிந்தது. நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் (ரலி), பால்குடி மறவாத வயதில் ஹிஜ்ரி 10இல் மௌத்தானார்கள். அன்றைய தினம் சூரிய கிரகணம் பிடித்தது. மக்கள் அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கதைத்தார்கள். மகனை அடக்கிய துக்கத்தில் இருந்த நபியவர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவரது இறப்புக்கும் பிறப்புக்கும் அவை கிரகணம் பிடிப்பதில்லை என்று திருத்தினார்கள்.

மற்றது, நான் அதுவரை கேள்விப்படாதது. ஸஹீஹ் முஸ்லிமில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வருகிறது. ஓர் இரவு நபித்தோழர்கள் சிலர் நபியவர்களோடு அமர்ந்திருக்கும்போது ஒரு நட்சத்திரம் எரிந்து விழுந்தது. அறியாமைக் காலத்தில் இதைக் கண்டால் என்ன சொல்வீர்கள் என்று நபியவர்கள் கேட்டார்கள். ஒரு பெரிய மனிதர் பிறந்திருக்கிறார் என்றோ இறந்திருக்கிறார் என்றோ சொல்வோம் என்றார்கள் தோழர்கள். எவருடைய மரணத்துக்காகவும் அது எறியப்படுவதில்லை, எவருடைய வாழ்வுக்காகவும் அல்ல என்று நபியவர்கள் தெளிவாக்கினார்கள்.

ஷைத்தான்கள் விரட்டப்படுவது பற்றிக் குர்ஆன் சொல்கிறதே என்றும் கேட்டேன். "அது மறைவான உலகத்தின் செய்தி. ஈமான் கொள்கிறோம். அதன் விதத்தை அல்லாஹ் அறிவான். கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை ஆராய்ந்து அறிவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் இரண்டில் எந்தப் பக்கத்தாலும் ஒரு பிள்ளையின் விரல் நீட்டியதால் மையித்து விழும் என்று வராது. அது நாம் விட்டுவிட வேண்டிய சகுனம்" என்றார் மௌலவி.

ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன் திருத்தப்பட்ட ஒரு பிழையை நான் என் பிள்ளையின் காதுக்கருகில் இருந்து சொல்லியிருக்கிறேன். நான் மட்டுமல்ல. முஸ்லிம்களின் சரித்திரத்திலேயே இது நடந்திருக்கிறது. கி.பி. 902ஆம் ஆண்டு ஒக்டோபரில் இப்ராஹீம் இப்னு அஹ்மத் என்ற அக்லபி ஆட்சியாளர் இத்தாலியில் ஒரு முற்றுகையின்போது இறந்தார். அந்த நாட்களில் மழை போல நட்சத்திரங்கள் சிதறின. மக்கள் இரண்டையும் சேர்த்துப் பேசினார்கள். அந்த வருடத்துக்கே 'நட்சத்திரங்களின் ஆண்டு' என்று பெயர் வைத்தார்கள். இன்றைய ஆய்வாளர்கள் அது 33 வருடத்துக்கு ஒருமுறை வரும் வால்வெள்ளி ஒன்றின் தூசி மழை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த மன்னர் இன்னும் இருபது வருடம் வாழ்ந்திருந்தாலும் அந்த மழை அந்த ஒக்டோபரில் பெய்துதான் இருக்கும்.

2012இன் அந்த இரவுக்குத் திரும்புகிறேன். தம்பி சொல்லி முடித்தபோது இரவு இரண்டு மணி தாண்டிவிட்டது. அவனும் நானும் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தோம். மகள் வரவில்லை. நாங்கள் வற்புறுத்தவும் இல்லை. மூன்று மணி இருக்கும். குசினிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மகள் நிலைப்படியில் நின்றாள். முற்றத்துக்கு இறங்கவில்லை. கதவைப் பிடித்தபடி நின்று அண்ணாந்து பார்த்தாள். ஒன்று விழுந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்று விழுந்தது. பிறகு உள்ளே போனாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வுழூச் செய்துகொண்டிருந்தாள்.

ஒரே இரவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். எட்டு வருடம் உறைந்தது இளக நாளெடுக்கும். ஆனால் அன்றிலிருந்து அவள் உம்மம்மாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். அதுவரை அந்தப் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

நீங்களும் உங்கள் பிள்ளைகளோடு இதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. செலவே இல்லாத காட்சி. தொலைநோக்கி வேண்டாம். அதனால் பார்த்தால் வானத்தின் ஒரு சிறு துண்டுதான் தெரியும். டிசம்பர் 13 இரவு, இஷாவுக்குப் பிறகு சற்றுத் தூங்கி எழுந்தாலும் போதும். ஒன்பது, பத்து மணிக்கே சில தெரியும். நள்ளிரவு கழிந்து ஸுபஹு வரைக்கும் உள்ள நேரமே சிறந்தது. முற்றத்து லைட்டை அணையுங்கள். கைத்தொலைபேசியைத் தூர வையுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். அதற்குள் பொறுமையிழந்து உள்ளே போய்விடாதீர்கள். மல்லாந்து படுத்து, வானம் அதிகம் தெரியும் பக்கம் பாருங்கள்.

அவற்றின் தடங்களைப் பின்னோக்கி நீட்டினால் எல்லாம் மிதுன ராசியில், கஸ்டர் என்ற நட்சத்திரத்துக்கு அருகில் ஒரே இடத்தில் சந்திப்பது போலத் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்களில் அது ஒன்று, மற்றது பொலக்ஸ். பழைய அறபிகள் இந்த இரண்டையும் சந்திரனின் மன்ஸில்களில் ஒன்றாக எண்ணி 'திராஉ' என்று அழைத்தார்கள். முன்னங்கை என்று பொருள். உண்மையில் தூசிகள் அங்கிருந்து வருவதில்லை. உம்மாவின் தறியில் பாவு நூல்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகவே ஓடும். ஆனால் நீட்டி விரித்த பாவின் ஒரு தலைப்பில் குனிந்து பார்த்தால், தூரத்தில் எல்லா நூலும் ஓரிடத்தில் கூடுவது போலத் தெரியும். அதே கண் மயக்கம்தான் வானத்திலும்.

மிக இருண்ட, முகில் இல்லாத வானத்தில் மணித்தியாலத்துக்கு 120க்கு மேல் என்று கணக்குச் சொல்வார்கள். வீதி விளக்குள்ள ஊரில் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். அந்த இரவு பிறை ஏழுக்கு உட்பட்டிருந்தால் நிலவு நள்ளிரவளவில் மறைந்துவிடும், நல்லது. போயாவை அண்டியிருந்தால் பிரகாசமானவை மட்டுமே தெரியும். எங்கள் கிழக்கில் அது மாரிக் காலம் என்பதால் முகில் மூடியும் போகலாம். அப்படியானால் தஹஜ்ஜத்தாவது கிடைத்த இலாபம். அடுத்த வருடமும் அதே திகதிக்கு மழை வரும்.

நிலவுக்கும் சூரிய வருடத்துக்கும் இன்னொரு கணக்கு உண்டு. பத்தொன்பது வருடத்துக்கு ஒருமுறை அமாவாசையும் போயாவும் ஏறக்குறைய அதே ஆங்கிலத் திகதிகளுக்குத் திரும்பி வரும். 2004க்குப் பத்தொன்பது கூட்டினால் 2023. அந்த டிசம்பர் 13 இரவும் 2004ஐப் போலவே நிலவு இல்லாத இரவு.

அன்று மகள் தன் நான்கு வயது மகனோடு என் வீட்டில் இருந்தாள். முகில் வந்து வந்து போயிற்று. மூன்று மணிக்கு நான் எழுந்தபோது அவளுடைய படுக்கை வெறுமையாகக் கிடந்தது. முற்றத்தில் பாய். போர்வைக்குள் சுற்றிய பேரன் அவள் மடியில். ஒரு பெரிய நட்சத்திரம் வடக்குப் பக்கமாக எரிந்து போனது. பேரன் விரலை நீட்டி "அந்தா!" என்று கத்தினான். நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் அவனுடைய விரலைப் பிடித்து மடக்கவில்லை. "ஒண்டு" என்றாள். அவன் "ஒண்டு" என்றான்.

பன்னிரண்டு வரை எண்ணினான். அதற்கு மேல் அவனுக்குத் தெரியாது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்.

சகோதரிகளே, துக்கம் வரும்போது நமது நாவு காரணம் தேடி அலைகிறது. கிடைத்த சகுனத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நேரம் பக்கத்தில் ஒரு பிள்ளை படுத்திருக்கலாம், தூங்காமலும் இருக்கலாம். நாம் ஆறுதலுக்காகச் சொல்லிவிட்டு மறந்துபோகும் ஒரு சொல், அந்தப் பிஞ்சு நெஞ்சில் குற்றமாக இறங்கிவிடக்கூடும். உங்கள் வீட்டில் அப்படி ஏதும் சொல்லப்பட்டிருந்தால், இன்றைக்கே பிள்ளையைக் கூப்பிட்டு வைத்துக் கேளுங்கள். நான் எட்டு வருடம் பிந்திவிட்டேன்.

உம்மாவுக்கும் அன்று கடல் கொண்டுபோன அனைவருக்கும் வல்ல அல்லாஹ் மேலான சுவனத்தை வழங்குவானாக. வானத்தைப் பார்த்துப் பயப்படாமல், அதைப் படைத்தவனை நினைக்கும் பிள்ளைகளாக நம் பிள்ளைகளை ஆக்கி வைப்பானாக. ஆமீன்.